முக்கால் இஞ்சா, அரை இஞ்சா

குழாய் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு
நிற்கிறார் அமலோர்,
முத்தியால்பேட்டையில், எங்கள் வீட்டுக் குளியலறையில்.
"ஓடிப் போயி வாஷர் வாங்கியா" என்றார்.
அப்போது மணி ஆறு பத்து.
தேதி, டிசம்பர் முப்பத்தொன்று.

ஐந்து ரூபாய் ரப்பர் வளையம்.
அதற்கு நான் தாண்ட வேண்டியிருந்தது
பெங்களூர் முழுவதையும்,
பாதி ஹைதராபாத்தையும்,
நடுவீதியில் வண்டியை நிறுத்திவிட்டு
கூகுளோடு சண்டை போடும் ஒரு மாப்பிள்ளையையும்.

காந்தி வீதி முனையில் தடுப்புக் கட்டை.
சிவப்புத் தொப்பிக்காரர் கையை வீசுகிறார்
கொசு விரட்டுவதுபோல.
"நான் உள்ளூருங்க."
"உள்ளூர்க்காரங்க இன்னிக்கு
வெளியவே வரக் கூடாதும்மா."
விளையாட்டாகத்தான் சொன்னார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்கூட்டரை ஏதோ பள்ளிக்கூட வாசலில் விட்டு நடந்தேன்.
நடந்தேன் என்பது பொய்.
நேரு வீதி நம்மை உள்ளே வைத்துக்கொண்டு
நின்றுவிடுகிறது.
நூறு ரூபாய்க்கு மூன்று டவுசர் கூவும் குரல்.
சிவப்பு விளக்கு எரியும் கொம்புகளை
அப்பா, அம்மா, பையன் என்று மாட்டிக்கொண்ட குடும்பம்.
தலைகளுக்கு மேலே ஒரு கேக் பெட்டி மட்டும்
சாமி பல்லக்கு மாதிரிப் போகிறது,
தூக்குகிறவரைக் காணோம்.
"கொஞ்சம் வழி, கொஞ்சம் வழி" என்றேன்.
பிறகு முழங்கைதான் பேசியது.

ஹார்டுவேர் கடையில் பாதி ஷட்டர் இறங்கிவிட்டது.
குனிந்து நுழைந்தால்
எனக்கு முன்னால் ஒருவர், பன்னிரண்டு சீரியல் செட்டோடு.
ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்க்கிறார்.
பச்சை எரிந்தது.
மஞ்சள் எரிந்தது.
நீலம் விட்டுவிட்டு எரிந்தது.
"இது விட்டுவிட்டு எரியுதே."
"அது அப்படித்தாங்க எரியணும்."
"அப்ப விட்டுவிடாம எரியறதா காட்டு."

முத்தியால்பேட்டையில் ஒரு கட்டைவிரல்
மரத்துப்போய் வெளுத்துக்கொண்டிருந்தது என் மனதுக்குள்.

என் முறை வந்தது.
"அரை இஞ்சா, முக்கா இஞ்சா?"
தெரியவில்லை.
அமலோரைக் கூப்பிட்டால் லைன் போகவில்லை,
டவர்கூட கடற்கரைக்குப் போயிருக்கும்.
இரண்டையும் வாங்கினேன்.
இருநூறு ரூபாய்க்குச் சில்லறை இல்லை என்றார்.
மீதிக்கு இன்சுலேஷன் டேப் கொடுத்தார்,
ஐந்து சுருள்.

திரும்பும்போதுதான் அவர் என் முன்னால் நின்றார்.
தோளில் தூங்கும் பெண் குழந்தை,
கைப்பிடியில் ஒரு பையன்,
நாலடி பின்னால் செருப்பைக் கையில் பிடித்த மனைவி.
"மேடம், பீச்?"

இந்த ஊரில் எந்த வீதியில் நின்றாலும்
கிழக்கே பார்த்து நட,
கடல் தானாக வந்து குறுக்கே நிற்கும்.
ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்.

என் கை மேற்கே நீண்டது.
"ஸ்ட்ரெயிட்" என்றேன்.

நான் போகும் வழியை மறித்து நின்றார், அவ்வளவுதான்.
தேங்க்யூ சொல்லி,
குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு
அண்ணா சாலைப் பக்கம் திரும்பினார்.
கொஞ்ச தூரம் அந்தக் குழந்தையின் தலை தெரிந்தது.
கூப்பிட்டால் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது ஏழு ஐம்பது.
பூசைக்குப் போட வேண்டிய சட்டையை
இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார் அமலோர்.
"நீ தெருமுனை திரும்பறதுக்குள்ள
மாடி வால்வு ஞாபகம் வந்துது. அடைச்சிட்டேன்.
போன் பண்ணேன், லைனே போகல."

அரை இஞ்சுதான் பொருந்தியது.

நள்ளிரவுப் பூசை முடிந்து வெளியே வந்தால்
கடல் பக்கம் வானம் வெடித்துக்கொண்டிருந்தது.
அண்ணா சாலை வழியாகப் போகலாம் என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை, திருப்பினார்.
மூடிய கடைகள்.
டிவைடரில் யாரோ கழற்றிப் போட்ட கொம்பு
இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.
நடந்து போகிற ஒவ்வொருவரின் தோளையும் பார்த்தேன்.

"பீச்சுக்குப் போவணுமா என்ன?" என்றார் அமலோர்.
"இப்படிப் போனா கடல் வராது."

"தெரியும்" என்றேன்.